மதில் தாண்டி வந்த மூச்சு

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மதிலைத் தாண்டி வரும் ஆரஞ்சு வயரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் லூர்துராணி. அதன் ஒரு முனை பக்கத்து வீட்டு ரெங்கராஜின் புது ஹைப்ரிட் காரில், பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்ட் தரும் பிளக்கில் இருக்கிறது. மறுமுனை, உள்ளே கட்டிலில் கிடக்கும் அவள் கணவர் அற்புதசாமியின் ஆக்சிஜன் மிஷினில். மிஷின் புஸ் புஸ்ஸென்கிறது. கூடவே அவர் நெஞ்சும் ஏறி இறங்குகிறது. மாலை போட்ட கார் தெருவில் சத்தமே இல்லாமல் வெயிலில் மினுங்குகிறது. ரெங்கராஜின் மகள் வைஷ்ணவி பட்டுப்பாவாடையும் புளியோதரைத் தூக்குமாக வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"புதுக் கார்ல முக்கொம்பு அணையைச் சுத்திப் பார்க்கக் கிளம்பினீங்களே தம்பி..."

"முக்கொம்பு எங்கக்கா ஓடிடப் போகுது? சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு. அது தீர்ந்தா பெட்ரோல் இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆயிடும். டேங்க் ஃபுல்லா இருக்கு, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்கிறான் ரெங்கராஜ்.

சொல்லி வாய் மூடவில்லை, இன்ஜின் மெல்ல உறுமுகிறது. லூர்துராணி பதறி ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். மிஷின் நிற்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறது.

அவள் தெருவுக்கு வந்து காரின் முன்னால் நிற்கிறாள். பானெட்டில் காய்ந்திருக்கும் சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில், தூங்கும் பிள்ளையின் நெற்றியில் போடுவதுபோல, கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுகிறாள்.