இருபத்திரண்டு வருஷ அனுபவம்

காய்கறி பேக்கிங் கம்பெனி மேனேஜர் விண்ணப்பத்திலிருந்து நிமிர்ந்து, எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

“இருபத்திரண்டு வருஷமா ஒரே தோட்டத்துல வேலையா? லீவு உண்டா?”

“கிடையாது சார். ஞாயித்துக்கிழமையும் போகணும்.”

“சம்பளம்?”

“வெங்காயம் அழுகின வருஷம் ஒண்ணும் வரல. வெள்ளம் வந்த வருஷமும்தான்.”

“அந்த முதலாளி உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். நீங்களும் மாடு மாதிரி உழைச்சிருக்கீங்க.”

ஆமாம் என்று தலையாட்டினால் வேலை கிடைத்துவிடும்போல் இருந்தது. அவளுக்கு மனசு வரவில்லை.

“அப்படிச் சொல்லாதீங்க சார். எனக்குக் காய்ச்சல்னா என் பங்குக்கும் சேத்து அவரே களையெடுப்பார். வரப்புல ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம். என்ன கஷ்டம் வந்தாலும், ஏன்டா அங்க போறோம்னு ஒரு நாள்கூட நெனச்சதில்ல.”

மேனேஜர் சிரித்தார். “சரி, அவர் நம்பர் குடுங்க. உங்களைப் பத்தி நல்லவிதமாச் சொன்னா நாளைக்கே சேந்துக்கலாம்.”

“போன மாசம் அவரை அடக்கம் பண்ணிட்டோம் சார்.”

“அடடா. அவர் வீட்டுல வேற யாராவது இருப்பாங்கல்ல? அவங்ககிட்ட கேட்டுக்கறேன்.”

அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“நான் மட்டும்தான் சார் இருக்கேன். அது எங்க தோட்டம்.”