பல் முளைக்கும் குழந்தையின் காப்பு

பட்டறை மேசையில் உடைந்த செம்புக் காப்பு ஒன்று கிடந்தது. அதை ஒட்டவைக்க ஈயமும் வெள்ளிப் பொடியும் முன்வந்தன.

"எனக்கு லேசான சூடு போதும். உனக்கு வலிக்காது" என்றது ஈயம்.

"எனக்காக நீ நெருப்பில் சிவக்கணும். கருத்துப்போய்த்தான் வெளியே வருவே" என்றது வெள்ளிப் பொடி.

"என்னைப் போட்டுக்கிற குழந்தைக்குப் பல் முளைக்குது. நாள் முழுக்க என்னைத்தான் கடிக்கும்" என்றது காப்பு.

"நான் ஒட்டினா ஒட்டினதுதான். உதிர மாட்டேன்" என்றது வெள்ளிப் பொடி.

"என் விஷம் கொஞ்சம்தானே வாய்க்குள்ளே போகும்" என்றது ஈயம்.

காப்பு வெள்ளிப் பொடியோடு நெருப்புக்குள் போனது. ஒட்டி, கரிபோலக் கருத்து வெளியே வந்தது.

ஈயம் சிரித்தது. "உன் முகத்தைப் பார்த்தியா?"

"இது புளி போட்டுத் தேய்ச்சா போயிடும்" என்றது காப்பு. "நீ குழந்தை வயித்துக்குள்ளே போனா, எதைப் போட்டுத் தேய்க்கிறது?"