ஒரு விரல் பச்சை

படகின் பின்தளத்தில் கடலாய்வு செய்கிறவள், கடல்நீரை வடிகட்டும் பட்டுச் சுருளைப் பிரித்துக்கொண்டே போகிறாள். வெள்ளை, வெள்ளை, மறுபடியும் வெள்ளை. இரண்டு நாள் படகுக்குப் பின்னால் இழுத்து வந்த கருவி பக்கத்தில் நீர் சொட்டக் கிடக்கிறது. அதன் வால் விசிறி சுழன்றால்தான் உள்ளே பட்டு நகரும். நகர்ந்தால்தான் எந்த இடத்தில் எவ்வளவு நுண்பாசி என்று வரிசையாகப் பதியும். கடலில் இறக்கும்வரை விசிறி சுழலாமலிருக்கத் துறைமுகத்தில் கட்டிவைத்த நைலான் நூல் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. "நூலை ஏண்ணா அறுக்கல?" "கட்டச் சொன்னே, கட்டினேன். அறுக்கச் சொன்னியா?" என்கிறான் படகோட்டும் அவள் அண்ணன். "மூச்சு விடுறதுக்கும் நான்தான் சொல்லணுமா? அடுத்த பயணம் அடுத்த வருஷம்தான், தெரியுமில்ல?" சுருளின் கடைசிச் சுற்றில், ஒரே இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் கரும்பச்சை. இருநூறு மைல் கடலும் அங்கேயே அப்பிக்கிடக்கிறது. சாய்வெயிலில் அது ஈரமாக மினுங்குகிறது. "பச்சை நல்லாத்தானே விழுந்திருக்கு," என்று அவன் மெல்ல இழுக்கிறான். அவள் பட்டுத் துணியை அவன் மூக்குக்கு நேராகப் பிடிக்கிறாள். "எங்க விழுந்துச்சு? காட்டு பாப்போம்." அவன் தலையைச் சொறிந்துகொண்டு, கையை நீட்டி, அடிவானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காட்டுகிறான்.