வியூஃபைண்டரில் இன்னொரு கண்

கல்யாணப் போட்டோகிராபர் சாலமோனுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் மறுபடியும் மங்கல். யாரோ தன் கண் பவருக்கு ஏற்ப அதன் குமிழைத் திருகியிருக்கிறார்கள்.

“கிறிஸ்டினா, லோகு வந்தானா?”

“இல்லியே.” மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்ணாடி போட்ட அவள் தம்பி லோகுதான் கேமராவைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போய்ச் சம்பாதிக்கிறான், இவளும் உடந்தை.

ஞாயிறு மத்தியானம் சாலமோன் தூங்குவதுபோல் படுத்திருந்தான். காலடிச் சத்தம். பக்கத்தில் ‘கிளிக்.’

கண் திறந்தான். சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேமராவும் கையுமாகக் கிறிஸ்டினா.

“நம்ம ஊட்டு ஆல்பத்துல நீ மட்டும் இல்ல. அதான் எடுத்துக்கினு இருந்தேன்.”

மறுநாள் திருவள்ளூர் கேமரா கடையில் வியூஃபைண்டரில் மாட்டும் மைனஸ் நாலு பவர் ஐபீஸ் கண்ணாடி கேட்டான்.

“உனக்குத்தான் கண்ணு நல்லா கீதே?” என்றார் கடைக்காரர்.

“எங்க ஊட்டு போட்டோகிராபருக்குண்ணா!”