குப்பை எடுக்கும் கிழமை

கதவோரச் சுவரில் தொங்கிய பூக்கூடையை டெக்வென் இப்படியும் அப்படியும் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தாள். கூடை நிறையச் சிவப்பு ஜெரேனியம். பெட்டியும் கையுமாகப் பக்கத்து வீட்டிலிருந்து வெளியே வந்த நெஸ்டா சிரித்துவிட்டாள்.

"கடலைப் பார்த்த சுவத்துல பூ வைக்கிறவன் ஊருக்குப் புதுசுன்னு நக்கலடிப்பியே, இப்ப நீயே வச்சிருக்கே. மேல்காத்து அடிச்சா ரெண்டு நாள்ல மொட்டை."

"விருந்தாளி வர்றாங்கல்ல. கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமேன்னுதான்."

"அதுக்கு இவ்வளவு தாழ்வாவா மாட்டுவாங்க?"

"தண்ணி ஊத்த எட்டணும்டி. எனக்கென்ன வயசு திரும்புதா? நீ பஸ்ஸை விட்டுடாதே, கிளம்பு."

வடவேல்ஸ் கடலோரத்தில், துறைக்கு மேலே, ஒட்டினாற்போல் ஒன்பது வீடுகள். ஏழு வீட்டுக் கதவோரத்தில் கறுப்பாக ஒரு சாவிப்பெட்டி. நாலு எண்ணை அழுத்தினால் சாவி கையில் விழும், வாரத்துக்கொரு குடும்பம் வந்து தங்கிவிட்டுப் போகும். பெட்டி இருந்தால் அந்த வீட்டில் ஆள் குடியில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தில் விளக்கெரிவது நெஸ்டா வீட்டிலும் டெக்வென் வீட்டிலும் மட்டும்தான்.

வர ஆளில்லாமல் ஊர் ஜெபவீட்டை நிரந்தரமாகப் பூட்டிய அன்று, வாசற்படியில் நின்று இருவரும் பேசி வைத்தார்கள். ஒருத்தி இருக்கும்வரை மற்றவள் போவதில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான், போன வருஷம் கார்டிஃபிலிருந்து மகள் வந்து கூடவே வந்துவிடும்படி கெஞ்சியும் நெஸ்டா அசையவில்லை. டெக்வெனைத் தனியாக விட்டுவிட்டு வரச் சொல்கிறாயா என்று கேட்டு, மகளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள். மகள் அதை இன்னும் மறக்கவில்லை.

இந்த நிலையில்தான் மான்செஸ்டரிலிருந்து ஜூடித் என்பவள், நெஸ்டா வேலை பார்க்கும் ஊர்க்கடைக்கு எழுதிக் கேட்டாள். அவளும் கணவன் கிரஹாமும் கடலுக்கும் மண்ணுக்கும் ஊருக்கும் கெடுதல் செய்யாமல் ஒரு விடுமுறை கழிக்க வேண்டும். கார் கிடையாது. ஊர்க்காரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் தங்க மாட்டார்கள்.

நெஸ்டாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் தோழி டெக்வென் குடியிருக்கும் வீட்டு மாடியறையில் தங்கலாம், அவள் மேசையிலேயே சாப்பிடலாம் என்று உடனே பதில் எழுதினாள். டெக்வெனின் அடுக்களையில் உட்கார்ந்து ஒரு தாளில் திட்டமும் எழுதினாள். முதல் வரி, ஆள் குடியிருக்கும் வீட்டில் தங்குங்கள். தடம் முடிகிற ஊர்வரை ரயில், பிறகு பஸ். பாறைமேட்டுப் பாதையில் நடை. கடல்நாய்கள் குட்டி போடும் குடாவை எட்ட நின்று பார்ப்பது. மீன், உள்ளூர் மீனவர் எமிரின் படகு கொண்டுவருவது மட்டும்.

டெக்வென் கூடமாட யோசனை சொன்னாள். மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். பிறகு, எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், எந்தக் கிழமை வந்து எடுப்பார்கள் என்பதையும் எழுதச் சொன்னாள்.

"குப்பையை நீதானே வெளிய வைக்கப் போறே? அவங்களுக்கு எதுக்கு?"

"எழுதி வையேன். தெரிஞ்சிருந்தா தப்பா?"

நெஸ்டா எழுதினாள். பேத்தியின் பிறந்தநாளுக்குக் கார்டிஃப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரும்படி வற்புறுத்தியதும் டெக்வென்தான். மகளோடு ராசியாகிவிட்டு வா, நான் இங்கே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை திரும்பிய நெஸ்டா, ரயில் நிலையத்திலேயே விருந்தாளிகளைக் கண்டுபிடித்துவிட்டாள். முதுகுப்பை, கையில் தண்ணீர்ப் புட்டி, முகம் நிறையச் சிரிப்பு. பஸ்ஸில் வழிநெடுக டெக்வெனைப் பற்றித்தான் பேச்சு. ஆட்டிறைச்சியும் லீக் என்ற வெங்காயத்தாளும் போட்ட சூப் இந்நேரம் கொதித்துக்கொண்டிருக்கும் என்றாள். அவள் சூப்பில் உப்பு தூக்கலாக இருக்கும், மூச்சுவிடாமல் குடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள் என்றும் சொல்லி வைத்தாள்.

கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கைப்பிடியைத் திருகினாள். பூட்டியிருந்தது. பகலில் டெக்வென் கதவைப் பூட்டி நெஸ்டா பார்த்ததே இல்லை.

"பால் வாங்கப் போயிருப்பா. இப்ப வந்துடுவா" என்றாள்.

ஜூடித் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டெக்வெனிடமிருந்து ஒரு செய்தி வந்ததாம். அதைச் சத்தமாகப் படித்தாள். பூக்கூடைக்குப் பின்னால் பாருங்கள். அழுத்த வேண்டிய நாலு எண் கீழே. நான் இனி செஸ்டரில் மகனோடு இருக்கிறேன். எது வேண்டுமானாலும் பக்கத்து வீட்டு நெஸ்டா கவனித்துக்கொள்வாள்.

கிரஹாம் கூடையை நகர்த்தினான். காற்றில் பாதிப் பூ உதிர்ந்திருந்தது. பின்னால் கறுப்பாக, இன்னும் ஒரு கீறல்கூட விழாத சாவிப்பெட்டி.

"இது வேற யாருதோ" என்றாள் நெஸ்டா. கிரஹாம் எண்களை அழுத்தினான். சாவி விழுந்தது.

உள்ளே பெயின்ட் வாசனை. டெக்வெனின் செப்புக் கெண்டி இல்லை, அவள் அப்பா படகோடு நிற்கும் படம் இல்லை, நெஸ்டா முப்பது வருஷம் முழங்கை ஊன்றிய மேசை இல்லை. வெள்ளைச் சுவர், புதுக் கட்டில், ஒரு கிண்ணத்தில் கடையில் வாங்கிய சிப்பிகள்.

அடுப்புக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் நெஸ்டாவின் கையெழுத்து. ரயில், பஸ், நடை, மழை, மீன், கடைசியில் குப்பை எடுக்கும் கிழமை. எல்லாம் இருந்தது. ஆள் குடியிருக்கும் வீட்டில் தங்குங்கள் என்ற முதல் வரியை மட்டும் யாரோ நேராகக் கத்தரித்திருந்தார்கள்.

சிரிப்பு போன முகத்தோடு ஜூடித் அறையைப் பார்த்தாள், சட்டத்தைப் பார்த்தாள், பிறகு நெஸ்டாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஆள் இருக்கிற வீடுன்னு எழுதினது நீங்கதானே?"