நனைத்த மண்

மூன்று மாதமாக மழை காணாத காட்டில், மண்ணின் இறுக்கத்தை அளக்கும் கம்பி சேற்றில் இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போகிறது. மண் ஆய்வாளரான பெரியவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைகிறார். ஈரம் விரல்களில் ஒட்டுகிறது. பக்கத்துக் குழியில், மர லாரிகள் ஏறி இறங்கி இறுகிய மண்ணைத் துளைக்க முடியாமல், வேர்கள் பக்கவாட்டில் மடங்கிக் காய்ந்து கிடக்கின்றன. லாரிகளுக்குச் சொந்தக்காரன் அவருடைய மூத்த மகன்தான். பக்கத்தில் நிற்கும் அவன் எங்கோ பார்க்கிறான்.

"தண்ணி ஊத்தினியாடா?"

"இறுக்கம்னு எழுதினா லாரிக்குத் தடை வரும்ப்பா. நம்ம குடும்பத்துக்குத்தானே கேவலம்?"

"கேவலத்தைப் பத்தி நீ பேசாதே!" கிளையிலிருந்த பறவைகள் கலைகின்றன. பெரியவர், குறிப்பேட்டோடு நிற்கும் அவன் மனைவியிடம் திரும்புகிறார். "மண்ணை நனைச்சு ஏமாத்தினவன் யாருன்னு எழுதும்மா."

"மாமா, இவர் பேரையா?"

"ஆமா. பெத்தவன்னு என் பேரையும் சேர்த்து எழுது."