ஒரு குச்சி விறகுகூட வேண்டாம்

கடுங்குளிர் ஊரான ரோரோஸில், வீட்டைச் சூடாக்கும் கருவிகள் விற்கும் கடையில், ஸ்டெய்னாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தம்பி, மைனஸ் இருபத்தஞ்சுலகூட வீடு சூடாகுமா?"

"வெளிக்காத்துல இருக்கிற சூட்டையே இந்த ஹீட் பம்ப் உறிஞ்சி உள்ள அனுப்பிடும்ணே. ஒரு குச்சி விறகுகூட வேண்டாம்!" என்றான் கடைக்காரன் ஓட்வார்.

"சத்தம் போடுமா?" என்றாள் மனைவி குன்வோர்.

"அண்ணன் குறட்டையில அதெல்லாம் கேக்கவே கேக்காது அண்ணி."

"அப்ப இதையே மாட்டிடு!" என்றார் ஸ்டெய்னார்.

மளமளவென்று கையெழுத்தும் போட்டார்.

"நாப்பது வருஷமா கோடாலி தூக்கியாச்சு. ஒரு குச்சிகூட வேண்டாம்னு நீயே சொல்லிட்ட. ஊருக்கு விறகு விக்கிறதையும் இன்னையோட நிறுத்திடறேன்!"

ஓட்வாரின் முகம் வெளுத்தது.

"ஐயையோ! அப்ப எங்க வீட்டுக்கு யாருண்ணே விறகு போடுவாங்க?"